அயல்நாட்டில் ஆஹார நியமம்

சாந்தோக்ய உபநிஷத்தின் முதல் அத்தியாயத்தில் உஷஸ்தி சாக்ராயணர் என்னும் பெரியவரைப் பற்றிய ஒரு சிறு கதை வருகிறது. கல்மழையால் பயிரெல்லாம் பாழான குரு தேசத்தில், இளம் மனைவியோடு அவர் யானைப்பாகர் வாழும் ஊரொன்றில் வறுமையுற்றுத் தங்கியிருந்தார். பசி தாளவில்லை. வேகவைத்த பயற்றைத் தின்றுகொண்டிருந்த ஒரு பாகனைக் கண்டு, தமக்கும் கொடுக்குமாறு யாசித்தார். தான் தின்றுகொண்டிருப்பதைத் தவிர வேறு இல்லையென்றான் அவன். அந்த உச்சிஷ்டத்தையே கேட்டு வாங்கி உண்டார் உஷஸ்தி. பிறகு அவன் தான் குடித்து மிஞ்சிய தண்ணீரையும் நீட்டினான். அதை அவர் ஏற்கவில்லை. எச்சிற்பயற்றை உண்டவர் எச்சில் நீரை மறுப்பானேன் என்று பாகன் வினவ, பயற்றை உண்ணாவிடில் தாம் பிழைத்திருக்க இயலாதென்றும், தண்ணீரோ வேண்டிய இடத்தில் கிடைப்பதென்றும் விடையளித்தார்.

கொடுத்த கை ஒன்றே, எச்சிலும் ஒன்றே. ஆயினும் ஒன்றைக் கொண்டார், மற்றொன்றைத் தள்ளினார். பிரஹ்மஸூத்ரத்தின் மூன்றாம் அத்தியாயம் நான்காம் பாதத்தில் வ்யாஸர் இந்த நிகழ்ச்சியைக் கருதியே, எவ்வகை அன்னத்தையும் கொள்ளலாம் என்னும் அனுமதி உயிருக்கு ஆபத்து நேர்ந்தபோது மாத்திரமே உண்டு என்று அறுதியிட்டார். ப்ரஹ்மவித்துக்கும் இந்த வரம்பு உண்டென்பதை பகவத் ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் விளக்கியருளினார்.

உத்ஸவ காலங்களில் பெருமாளை ஸேவிக்க வரும் குடும்பங்களில், பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வாழாத குடும்பம் இன்று அரிதாகிவிட்டது. விடுமுறையில் வந்து செல்லும் அந்தப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அர்ச்சகரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. கடையில் வாங்கும் பொருளில் என்ன கலந்திருக்கிறதென்று தெரிவதில்லை, வேலையிடத்தில் எல்லோரும் கூடி ஓட்டலுக்குப் போகையில் விலகி நிற்க முடிவதில்லை, தேசமோ வேறு, ஆகவே இதை ஆபத்தாகக் கருதி நியமத்தைத் தளர்த்திக்கொள்ளலாமா? உஷஸ்தியின் பெயரைச் சொல்லியே இதற்கு ஆம் என்று கூறுவோரும் உண்டு. அவர்கள் பயற்றை நினைவில் வைத்துத் தண்ணீரை மறந்தவர்கள்.

அந்நியர் கையால் உண்பதற்குரிய காரணங்களைப் பற்றி மஹாபாரதத்தின் உத்யோக பர்வத்திலும் ஓர் இடம் உண்டு. தூது சென்ற கண்ணபிரானைத் துரியோதனன் விருந்துண்ண அழைத்தான். பிறர் அன்னத்தை அன்பினால் உண்ணலாம், அல்லது ஆபத்தினால் உண்ணலாம். உன்னிடம் அன்பும் இல்லை, எமக்கு ஆபத்தும் இல்லை என்னும் கருத்துப்பட விடை கூறி, விதுரர் திருமாளிகைக்கு எழுந்தருளினான். பிறர் அன்னத்திற்கு அன்பு, ஆபத்து என்னும் இரண்டு வாயில்களையே அவன் கூறினான். இன்று மூன்றாவது வாயில் ஒன்று அகலத் திறந்து கிடக்கிறது. அது விலை. பெயரும் முகமும் அறியாத ஒருவர் சமைத்ததை, பணம் கொடுத்த ஒரே காரணத்தால் உண்ணுகிறோம். சமைத்தவருக்கு நம்மிடம் அன்பும் இல்லை, பகையும் இல்லை. நமக்கும் உயிர் போகும் ஆபத்து ஒன்றும் இல்லை. இந்த மூன்றாவது வாயிலில் நுழைகிறவனுக்கு உரிய தர்மம் எது என்பதே அயல்நாட்டில் வாழ்வோரின் உண்மையான கேள்வி. உள்நாட்டுப் பட்டணங்களில் வாழ்வோருக்கும் அது உரியதே. ஆயினும் அங்கே அது கூர்மையாக நிற்கிறது.

உபாஸனத்திற்கு வேண்டிய ஏழு ஸாதனங்களில் முதலாவது விவேகம் என்று ஸ்ரீபாஷ்யம் வாக்யகாரரை அனுஸரித்துக் கூறுகிறது. அங்கே விவேகமாவது, ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்னும் மூவகை தோஷமும் அற்ற அன்னத்தால் சரீரத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுதல். இயல்பாகவே விலக்கப்பட்டவை ஜாதிதுஷ்டம். மாமிசமும் கள்ளும் பூண்டும் போன்றவை. யாருடைய அன்னம் என்பதால் வரும் குறை ஆச்ரயதோஷம். மயிரோ எச்சிலோ பட்டதனால் வருவது நிமித்ததோஷம். ஸ்வாமி வேதாந்த தேசிகன் இப்பொருளின் அருமை கருதியே ஆஹாரநியமம் என்னும் பெயரில் ஒரு தமிழ்ப் பிரபந்தம் அருளிச்செய்தார். விவேகம் என்ற சொல்லுக்குப் பகுத்தறிந்து பிரித்தல் என்பதே நேர்ப்பொருள். ஸமையலறைக்கும் மடைப்பள்ளிக்கும் உரியதாக இருந்த இந்தப் பிரித்தல், இன்று அங்காடியின் அலமாரிக்கு முன் நின்று செய்யவேண்டியதாகிவிட்டது.

அங்குள்ள பெரிய மளிகைக் கடைகளைப் பற்றி இங்கிருப்போர் அறியவேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவில் உணவுப் பாக்கெட்டுகளில் தாவர உணவுக்குப் பச்சைக் குறி சட்டப்படி இடப்படுகிறது. அதைப் பார்த்தே வாங்கிப் பழகிய கண், அத்தகைய கட்டாயக் குறி இல்லாத நாட்டில் ஏமாறும். பொருளின் பெயரைக் கண்டு நம்புவதற்கும் இல்லை. தயிரென்று வாங்கும் டப்பாவில், கெட்டியாக நிற்பதற்காக ஜெலட்டின் சேர்ப்பது உண்டு. ஜெலட்டினாவது மாடு, பன்றி முதலியவற்றின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. குழந்தைகள் விரும்பும் மெத்தென்ற மிட்டாய்களிலும் மருந்துக் குளிகைகளின் உறையிலும் அதுவே பெரும்பாலும் இருக்கிறது. பாலைத் திரித்துச் செய்யும் சீஸ் பாற்பொருளே அல்லவா என்று தோன்றும். பழைய முறையில் பாலைத் திரிக்கச் சேர்க்கும் ரெனெட் என்பது, பால்குடி மறவாத கன்றைக் கொன்று அதன் வயிற்றிலிருந்து எடுப்பது. இத்தாலியின் புகழ்பெற்ற பார்மிஜியானோ ரெஜியானோ என்னும் சீஸுக்கு இன்றும் கன்றின் ரெனெட்டே விதி. நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யும் ரெனெட்டுக்கு 1990-ல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தபின், குற்றமற்ற சீஸ்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே நிறத்தில், அருகருகே இருக்கின்றன. சிவப்புச் சாயம் சிலவற்றில் கார்மைன் என்று எழுதியிருந்தால் அது கோச்சினீல் என்னும் பூச்சியை உலர்த்தி எடுத்தது.

ஆயினும் அந்நாட்டாரைக் குறை கூறுவது நியாயமன்று. எந்தப் பொருள் அதிகமோ அதை முதலில் வைத்து, எடை வரிசையில் எல்லாவற்றையும் உறையின்மேல் அச்சிடவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். முட்டை, மீன், பால் போன்றவை இருந்தால் எளிய சொற்களில் சொல்லவேண்டும் என்று 2004-ல் இயற்றிய சட்டம் விதிக்கிறது. ஒவ்வாமையால் துன்புறுவோருக்காகச் செய்த சட்டம் அது. அதன் பயன் வைஷ்ணவனுக்கும் வாய்த்தது. ஒரு ஓட்டை மட்டும் உண்டு: இயற்கைச் சுவையூட்டி என்னும் பொருளுடைய சொல் இருக்குமிடத்தில், அது மாமிசத்திலிருந்தும் எடுக்கப்பட்டிருக்கலாம். தைவான் தேசத்தின் வழக்கம் நம்மவருக்கு வியப்பளிக்கக்கூடியது. பௌத்த மரபினால் அங்கே வெங்காயமும் பூண்டும் சேர்ந்த தாவர உணவு வேறு, அவை சேராத தாவர உணவு வேறு என்று பாக்கெட்டிலேயே பிரித்து எழுதுகிறார்கள். நம் தேசத்துப் பச்சைக் குறிகூட அவ்வளவு தூரம் செல்லவில்லை.

சொற்களிலும் கவனம் வேண்டும். மேல்நாட்டார் வெஜிடேரியன் என்னும்போது முட்டை பெரும்பாலும் அதில் அடங்கிவிடும். 1847-ல் இங்கிலாந்தில் அந்தப் பெயரால் சங்கம் அமைத்தவர்கள் விலக்கியது மாமிசத்தையே. வீகன் என்று எழுதியிருந்தால் பாலும் இல்லை, முட்டையும் இல்லை என்று கொள்ளலாம். வெங்காயமும் பூண்டும் இல்லையென்று கொள்ளலாகாது.

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்டு கடைக்குச் செல்வது பெரும்பாரமாகத் தோன்றலாம். ஸ்ரீவைஷ்ணவனுக்கு இதை எளிதாக்கும் வழி ஒன்று அவன் வீட்டிலேயே இருக்கிறது. அவன் தனக்காகத் தளிகை செய்துகொள்வதில்லை. எம்பெருமான் கண்டருளப் பண்ணி, சேஷத்தை உண்கிறான். தனக்கென்றே சமைப்பவன் பாபத்தையே உண்கிறான் என்று கீதையில் பகவான் சாதித்ததும் இதையே. அலமாரிக்கு முன் நிற்பவன் இதை உண்ணலாமா என்று கேட்டால் நாக்கு வாதாடத் தொடங்கும். இதை ஸமர்ப்பிக்கலாமா என்று கேட்டால் வாதம் இல்லை. அரிசி, பருப்பு, பால், வெண்ணெய், காய், கனி ஆகியவை எந்தக் கண்டத்திலும் கிடைக்கின்றன. ஓர் உறையைப் படித்துச் சந்தேகம் தீராதபோது, அதை விட்டுவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுப்பதில் யாருக்கும் உயிர் போவதில்லை. ஆகவே, மளிகைக் கடையில் ஆபத் தர்மம் பேசுவதற்கு இடமே இல்லை.

ஓட்டல் அவ்வாறு எளிதன்று. அங்கே உறை இல்லை. அச்சிட்ட வரி இல்லை. மெக்ஸிகோ நாட்டு ஓட்டலில் வெறும் பயற்றுமசியல் போலிருப்பதில் பன்றிக்கொழுப்பு சேர்வது பழைய வழக்கம். ஜப்பானில் காய்கறி மாத்திரமே மிதக்கும் சாற்றுக்கும் அடிப்படை, உலர்ந்த மீனைச் சீவி ஊறவைத்த நீர். தாய்லாந்துக் குழம்பில் மீன்சாறும் இறாலும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். இவர்கள் ஒருவரும் வஞ்சிப்பவரல்லர். துண்டாகக் கிடப்பதே மாமிசம், கரைந்தது வெறும் சுவை என்பது அவர்களுடைய எண்ணம். கேட்டால் பெரும்பாலோர் மறைக்காமல் சொல்வார்கள்.

கேட்டும் தெரியாமற்போவது உண்டு. உலகெங்கும் கடைகள் வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனமொன்று, உருளைக்கிழங்கு வறுவலுக்கு மாட்டுக்கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டதாக 1990-ல் அறிவித்தது. அதை நம்பி அங்குள்ள ஹிந்துக்கள் பலர் உண்டுவந்தனர். வறுவலில் மாட்டு மாமிசச் சுவையூட்டி சேர்வது பின்னர் வெளிப்பட்டு, 2001-ல் வழக்குத் தொடரப்பட்டது. மறு ஆண்டு அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, தாவர உணவு அமைப்புகளுக்கும் ஹிந்து அமைப்புகளுக்கும் மற்றவர்க்குமாக ஒரு கோடி டாலர் அளிக்க இசைந்தது. அவ்வாறு உண்டுவிட்டவர்களில் பலர் இன்றும் மனம் கலங்குவது உண்டு. கலங்கவேண்டா. விசாரித்து, விடையை நம்பி உண்டவன் அறியாமல் உண்டவனே. நெஞ்சறியாத குற்றத்திற்கு அனுதாபமே போதும். எம்பெருமான் கணக்குப் பார்ப்பவன் அல்லன்.

ஆனால் அறியாமையில் இரண்டு வகை உண்டு. ஒருவன் கேட்டும் உண்மை தெரியாமற்போனவன். மற்றொருவன், கேட்டால் உண்ண முடியாமற்போகுமே என்றஞ்சிக் கேளாமலிருந்தவன். பின்னவன் அறியாதவன் அல்லன். அறியாமையைத் தேடிப் பெற்றுக்கொண்டவன். அன்பினால் உண்ணுமிடத்தில் விதுரர் வீட்டு அன்னத்தை ஆராயவேண்டுவதில்லை. உயிர் போகும் ஆபத்தில் ஆராய நேரமும் இல்லை. விலைக்கு உண்ணுமிடத்தில் இவ்விரண்டும் இல்லையாதலால், அவற்றின் இடத்தில் விசாரணை ஒன்றே நிற்கிறது. விற்பவன் உண்மை சொல்லக் கடமைப்பட்டவன். உண்பவன் கேட்கக் கடமைப்பட்டவன். கேட்பதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் வெட்கமே அன்றி வேறில்லை.

வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்த மோஹன்தாஸ் காந்தி 1888-ல் லண்டனுக்குப் படிக்கச் சென்றபோது வயது பத்தொன்பது நிறையவில்லை. மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லையென்று தாயார் புத்லிபாயின் முன்னிலையில் வாக்களித்துச் சென்றார். பலநாள் பாதிப் பட்டினி. அவருடைய நலனில் அக்கறை கொண்ட நண்பர் ஒருவர், நாடகத்திற்கு முன்பாக ஹோல்போர்ன் பகுதியில் ஒரு பெரிய உணவுச்சாலைக்கு அவரை அழைத்துச் சென்றார். அத்தனை கூட்டத்தில் வாய் திறந்து கேட்கமாட்டார் என்பது நண்பரின் எண்ணம். சூப் வந்தது. காந்தி பரிமாறுபவனை அழைத்து, அதில் மாமிசம் உண்டா என்று வினவினார். நண்பருக்குக் கோபம் மூண்டது. நாகரிகமான கூட்டத்திற்கு நீர் தகுதியற்றவர், வெளியே போய்க் காத்திரும் என்றார். காந்தி வெளியே வந்தார். அருகிலிருந்த தாவர உணவுச்சாலையும் அடைத்திருந்தது. அன்றிரவு உண்ணாமலே நாடகம் பார்த்தார். நண்பரோடு பகையும் கொள்ளவில்லை.

இதைவிட நுட்பமானது முட்டையைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி. முட்டை மாமிசமாகாது என்னும் அந்நாட்டுக் கொள்கையை ஏற்றுச் சிலநாள் அதை உண்டார். பிறகு, வாக்கு யாரிடம் கொடுக்கப்பட்டதோ அவர் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் கொண்டாரோ அதுவே தம்மைக் கட்டும் என்று தெளிந்தார். அன்னை கொண்ட பொருளில் முட்டையும் அடங்கும். அதற்குமேல் தாவர உணவுச்சாலைகளிலும் ஒவ்வொரு பண்டத்தைப் பற்றியும் கேட்கவேண்டியதாயிற்று. ஒற்றை அறையில் அடுப்பு வாங்கி வைத்து, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் மாலையில் ரொட்டியும் கோகோவுமாக நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் காலங்கழித்தார். இன்று ஓர் அறையில் மின்சாரச் சாதக் குக்கரோடு வாழும் மாணவனுடைய நிலை இதைவிடக் கடினமானதன்று.

அன்பினால் வரும் அழைப்பைப் பற்றியும் ஒரு சொல். உடன் வேலை செய்யும் வெள்ளைக்காரரோ சீனரோ தம் வீட்டிற்கு அழைத்தால், மறுப்பதே ஆசாரம் என்று எண்ணுவோர் உண்டு. நாள் குறிக்கும்போதே எதை உண்பதில்லை என்று பணிவாகச் சொல்லிவிடுவது அந்நாடுகளில் மரியாதையாகவே கொள்ளப்படுகிறது. பலர் தாமே முந்திக்கொண்டு கேட்கிறார்கள். அவ்வளவு பரிவோடு எடுத்துவைத்த பழத்தையும் பாலையும், அளித்தவர் எந்தக் குலம் என்று நோக்கித் தள்ளுவது ஆச்ரயதோஷ விசாரமாகாது. அபிமானமாகும். உஷஸ்தி பாகனுடைய பிறப்பைச் சொல்லித் தண்ணீரை மறுக்கவில்லை. பிறப்பை ஆராய்வது எத்தகைய கொடுமை என்பதைப் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் காட்டியருளிய பின்னும் நம்மவர்க்கு அது புரிந்தபாடில்லை.

உண்மையான ஆபத்து வந்தால் என்செய்வது? கும்பகோணத்து வைஷ்ணவரான கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜனின் வாழ்க்கை இந்தக் கேள்வியை விடாமல் எழுப்புகிறது. 1914-ல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரிக்குச் சென்றவர், அங்குள்ள பொது உணவுக்கூடத்தில் உண்ணவில்லை. தகுந்த உணவு கிடைப்பது மிகவும் கடினமென்றும், பாலும் பழமும் நன்றாக இருப்பதால் ஒருவாறு சமாளிப்பதாகவும், தாமே சமைத்துக்கொள்ளத் தீர்மானித்து வேண்டிய சாமான்களை ஊரிலிருந்து வரவழைப்பதாகவும் நண்பருக்கு எழுதினார். யுத்தம் மூண்டு பண்டங்கள் அரிதாயின. கணக்கில் ஆழ்ந்தவர் வேளை தவறிச் சமைத்தார். பல வேளை சமைக்கவும் இல்லை. லண்டனில் தங்கிய வீட்டில் அளித்த மாவுப்பானத்தில் முட்டைப்பொடி இருந்ததை டப்பாவின் மேல் படித்தறிந்து, மனமுடைந்து அந்த வீட்டைவிட்டே வெளியேறினார் என்று அவருடைய சரித்திரம் எழுதியோர் கூறுகின்றனர். 1917-ல் நோயுற்றார். சானடோரியங்களின் உணவு அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய உணவு நியமமே நோய்க்காலத்தில் பெரும் இடையூறாயிற்று என்று அவரை அழைத்துச் சென்ற ஹார்டி எழுதினார்.

நியமமே அவரைக் கொன்றது என்பர் சிலர். அது அவ்வளவு தெளிவானதன்று. க்ஷயம் என்று கருதப்பட்ட அந்த நோய், இந்தியாவிலேயே அவரைப் பற்றிய சீதபேதியின் தொடர்ச்சியாகக் கல்லீரலைத் தாக்கியதாயிருக்கலாம் என்று 1994-ல் ஒரு மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். ஆனால் அவர் உடல் மெலிந்து கிடந்தபோது, ஸூத்ரகாரரின் அனுமதி அவருக்கு இருந்தது. வைத்தியர் கொடுப்பதை மருந்தாகக் கொள்ளலாம் என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆசார்யர் அங்கே இல்லை. உஷஸ்திக்கு எங்கே உண்ணவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்னும் இரண்டும் தெரிந்திருந்தன. ராமாநுஜனுக்கு நிறுத்தும் இடம் மாத்திரமே கற்பிக்கப்பட்டிருந்தது. அது அவருடைய குற்றமன்று. நியமத்தைச் சொல்லி அதன் எல்லையைச் சொல்லாமல் பிள்ளைகளைக் கப்பலேற்றியோரின் குற்றம். இன்று விமானம் ஏற்றுவோருக்கும் இது பொருந்தும்.

1919-ல் அவர் தாய்நாடு திரும்பினார். கடல் கடந்த தோஷம் நீங்க அவரை ராமேச்வரம் அழைத்துச் செல்லவேண்டுமென்று தாயார் விரும்பினார். உடல்நிலை இடங்கொடுக்கவில்லை. 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் முப்பத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார். ஐந்தாண்டுகள் அந்நிய மண்ணில் ஒரு கவளத்திற்கும் நியமம் தவறாதிருக்க முயன்றவருடைய இறுதிச் சடங்கிற்கு, கடல் கடந்தவர் என்னும் காரணத்தால் ஆசாரமுள்ள உறவினர் பலர் வரவில்லை.